கல்லறைத் திருநாளுக்குப் போகிறவர்களுக்கு

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரியும் பூவும்தான். ஆனால் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு, அதாவது விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் இறந்தோருக்கு, கத்தோலிக்கர் நாம் பெற்றுத்தரக்கூடிய பரிபூரண பலனை (மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சிய தண்டனை முழுதும் நீங்குவதை) பலர் கோட்டை விடுகிறார்கள்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து, மனதுக்குள்ளாவது இறந்தோருக்காக வேண்டணும். ஒரு நாளுக்கு ஒரு பலன்தான். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) ஒருமுறை செய்தால் பல நாட்களுக்கு ஆகும். அது கல்லறைச் சந்திப்புக்கு முன்னோ பின்னோ சுமார் 20 நாளுக்குள் இருக்கலாம். நற்கருணை வாங்குவதும், திருத்தந்தையின் (போப்பின்) கருத்துக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரமும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியே வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் கடினம்: அற்பப் பாவத்தின் (சிறு பாவத்தின்) மேல்கூட பற்று இருக்கக்கூடாது. அப்பா கல்லறையில் காற்றுக்குக் கைமறைத்துத் திரி ஏற்றிக்கொண்டே, ரப்பர் தோட்டத்து எல்லைத் தகராறில் தம்பியோடு இனி பேச்சே இல்லை என்று நின்றால் அதுதான் பற்று. முதலில் தம்பியைப் போனில் கூப்பிடுங்கள், மக்களே. பளிங்குக் கல் பதிக்கிற பணத்தைவிட அப்பாவுக்கு அது உதவும். உத்தரிக்கிற ஆன்மாவுக்கு விண்ணகம் உறுதி, நாம் செய்வது வழியைச் சுருக்குவது.

ஏதாவது நிபந்தனை தவறினாலும் பகுதிப் பலன் (தண்டனையில் ஒரு பகுதி நீங்குவது) உண்டு. தயங்காமல் போங்கள்.