கொடி தூக்காத கை

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் மலர்க் குழுவிலிருந்து அழைத்தவர் எனக்கு நாலைந்து வகுப்பு இளையவர். "அண்ணை, நீங்கள் 78ஆம் ஆண்டு உதைபந்தாட்ட ரீமில இருந்தனீங்கள்தானே, அந்த வெற்றியைப் பற்றி ஒரு கட்டுரை தாங்கோ" என்றார். இருந்தேன்தான். அந்தக் குழுப்படத்தில் மற்றவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பின்வரிசையின் வலது கோடியில் எண்ணெய் வழியும் தலையோடு பந்துப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். பதினான்காவது ஆள். அந்தப் பருவம் முழுவதும் நான் பந்தைத் தொட்டது காற்றடிக்கும்போதும் சேறு கழுவும்போதும் மட்டும்தான்.

ஆனாலும் அந்த வெற்றியைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் நடக்கும் பழைய மாணவர் இராப்போசனங்களில் அடிபடும் கதைகளைக் கேட்டால் 1978இல் எங்கள் கல்லூரி தோற்கவே இல்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆடியது ஆறு ஆட்டம். இரண்டில் வெற்றி, இரண்டு சமநிலை, இரண்டில் தோல்வி. போட்டது ஐந்து கோல், வாங்கியது ஏழு. இதைச் சொன்னால் "உமக்கு வயசு போட்டுது" என்கிறார்கள். ஸ்கோர்க் கொப்பி எழுதியவனே நான்தான். அதை யாரும் கேட்பதில்லை.

எங்கள் காலத்தில் முதலாம் தவணை கிரிக்கெற், இரண்டாம் தவணை ஓட்டமும் பாய்ச்சலும், மூன்றாம் தவணை உதைபந்தாட்டம். மாரி மழைக்கும் உதைபந்தாட்டத்துக்கும் யார் பொருத்தம் பார்த்துக் கட்டி வைத்தார்களோ தெரியாது. செப்ரெம்பரில் மைதானம் கல்லாக இருக்கும். விழுந்தால் முழங்கால் தோல் அங்கேயே தங்கிவிடும். ஐப்பசி பிறந்ததும் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் குழைந்து ஒவ்வொரு பூட்ஸிலும் ஒரு இறாத்தல் ஏறிக்கொள்ளும். பயிற்சிக்கு இருந்தது நூல் கட்டிய பழைய தோல் பந்து. நனைந்ததென்றால் தலையால் முட்டியவன் இரண்டு நிமிடம் யாரோடும் பேசமாட்டான்.

கல்லூரியிடம் ஒன்பது சோடி பூட்ஸ் இருந்தன. அது போதாது என்று ஒருநாளும் சண்டை வந்ததில்லை. மயிலிட்டியிலிருந்து வந்த மூன்று பேரும் பூட்ஸைக் கையாலும் தொடமாட்டார்கள். "போட்டா பந்து எங்கை இருக்கெண்டு தெரியாது" என்பார்கள். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால்கள் அவை. புல்லில் விட்டால் பிடிக்க முடியாது. தோட்டக்காரப் பெடியள் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிவிட்டுப் பிந்தித்தான் வருவார்கள். மண்வெட்டி பிடித்த தோள்களோடு அவர்கள் பின்வரிசையில் நின்றால் அது வேலி இல்லை, மதில். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை முடிந்து போகிறவர்கள் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நின்று பார்ப்பார்கள், இலவசமாக ஆலோசனையும் தருவார்கள். பொழுதுபட்டதும் நாங்கள் இரண்டிரண்டு பேராகச் சைக்கிளில் ஏறிக் கீரிமலைக்குப் போவோம். கடலுக்கு ஒரு சுவர் தள்ளி நல்ல தண்ணீர்க் கேணி. உடம்பில் ஒட்டிய செம்மண் கரைந்து ஒரு சுற்றுக்குத் தண்ணீரே நிறம் மாறும். முன்னரே வந்து குளித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் எங்கள் வம்சத்தையே இழுத்து ஏசுவார்கள்.

அந்த வருடம் ஆர்ஜென்ரீனாவில் உலகக் கிண்ணம். நாட்டில் அப்போது தொலைக்காட்சியே இல்லை, அது 1979இல்தான் வந்தது. இறுதி ஆட்டம் ஜூன் 25இல் தொடங்கியபோது எங்களுக்கு நடுச்சாமம். ஆர்ஜென்ரீனா நெதர்லாந்தை 3–1 என்று வென்றது, அதில் இரண்டு கோல் மரியோ கெம்பஸ் போட்டது. இதெல்லாம் பத்திரிகையில் வாசித்து அறிந்ததுதான். கெம்பஸ் எப்படி ஓடினார் என்று நாங்கள் ஒருவரும் காணவில்லை. கண்டது படத்தை. தோள்வரை முடி, கணுக்காலுக்கு இறங்கிய காலுறை. அது போதுமாக இருந்தது. ஓகஸ்ட் முடிவதற்குள் எங்கள் சென்ரர் ஃபோவேட் முடியை வளர்த்துவிட்டார். அதிபர் பிரம்போடு வகுப்புக்கு வந்து வெட்டச் சொன்னார். முடி போனது, கெம்பஸ் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அவருக்கு அதுதான் பெயர். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கே அவரது பதிவுப் பெயர் தெரியுமோ என்னவோ.

அந்தப் பருவத்தில் முதல் மூன்று ஆட்டங்களிலும் கெம்பஸ் ஒரு கோலும் போடவில்லை. ஒன்றில் 0–1 என்று தோற்றோம், மற்றவை 1–1, 0–0. அந்த 1–1இல் எங்களுக்கு வந்த ஒரே கோலும் எதிரணிக்காரன் தன் கோலுக்குள்ளேயே அடித்தது. அப்போதுதான் யாரோ உலகக் கிண்ணப் படங்களை மறுபடி எடுத்து வைத்து ஆராய்ந்தார்கள். தொடக்க ஆட்டங்களின் படத்தில் கெம்பஸுக்கு மீசை இருக்கிறது, இறுதி ஆட்டப் படத்தில் இல்லை. அவர் போட்ட ஆறு கோலும் மீசையை எடுத்த பிறகு வந்தவைதான் என்று பிற்காலத்தில் அறிந்தபோது எங்கள் ஆராய்ச்சியை நினைத்து நானே வியந்தேன். எங்கள் கெம்பஸுக்கு இருந்ததை மீசை என்று சொல்வது பெரிய மனது. பதினெட்டு வயதில் மேலுதட்டில் கரி பூசியது போல ஏதோ இருந்தது. அதையும் வழித்தெடுத்தோம்.

இனி சேரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பயிற்றுநர் படிப்பித்தது புவியியல். தான் ஆடிய காலத்தைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தைத் தேவாரம் போல ஒப்பிப்பார். நான் ஆட்டத்துக்கு உதவமாட்டேன் என்று முதல் கிழமையே கண்டுகொண்டு, "உனக்குக் கால் இல்லை, கண் இருக்கு" என்றார். பயிற்சி முடிந்ததும் வாங்கில் புளியங்கொட்டைகளைப் பரப்பி எனக்கு ஓஃப்சைட் சொல்லித் தந்தார். பந்து எங்கே விழுகிறது என்று பார்க்கக்கூடாது, அடித்தவனின் காலை விட்டுப் பந்து கிளம்பும் அந்த நொடியில் முன்னால் நிற்பவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கவேண்டும். அவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் இரண்டு பேராவது இருக்கவேண்டும், இல்லையென்றால் ஓஃப்சைட், கோல் செல்லாது. ஒரே வரிசையில் நின்றாலும் அந்தக் காலத்தில் ஓஃப்சைட்தான். இரண்டு கிழமையில் புளியங்கொட்டை எங்கே நின்றாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுமளவுக்குத் தேறிவிட்டேன்.

அந்த நாளில் கல்லூரி ஆட்டங்களுக்கு நடுவர் ஒருவர்தான் வருவார். கோட்டோரம் நின்று கொடி காட்டும் லைன்ஸ்மன் இரண்டு பேரையும் ஆடும் கல்லூரிகளே கொடுக்கவேண்டும். எங்கள் பக்கத்து லைன்ஸ்மன் நான். கிளுவங்கம்பில் சிவப்புத் துணி கட்டிய கொடியும் எங்கள் வேலியில் முறித்ததுதான்.

நாலாவது ஆட்டம் யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரி ஒன்றோடு, அவர்களுடைய மைதானத்தில். பெயரைச் சொன்னால் இந்த மலர் வெளிவந்த கிழமையே அவர்களுடைய பழைய மாணவர் சங்கத்திலிருந்து கடிதம் வரும். ஆகவே நகரத்துக் கல்லூரி என்றே இருக்கட்டும். தெல்லிப்பழையில் ரயில் ஏறி மல்லாகம், சுன்னாகம், இணுவில், கொண்டாவில், கொக்குவில் என்று ஒவ்வொரு ஸ்ரேசனிலும் எங்கள் நெஞ்சு படபடப்பு ஒரு பிடி கூடியது. அவர்கள் முழு ரீமுக்கும் பூட்ஸ் இருந்தது. வலையும் இருந்தது, எங்கள் கோலுக்கு வலையே கிடையாது. இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுத்தார்கள். நாங்கள் கொண்டுபோன தேசிக்காய்த் தண்ணியைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

முதல் பாதி முழுக்க அவர்கள் எங்களை எங்கள் பாதிக்குள்ளேயே வைத்து அரைத்தார்கள். நாலு முறையாவது எங்கள் பந்துக்காப்பாளர் காப்பாற்றினார். ஒருமுறை கம்பம் காப்பாற்றியது. அந்த நாற்பத்தைந்து நிமிடமும் நான் ஒழுங்காகக் கொடி காட்டினேன். அவர்களுக்கு இரண்டு ஓஃப்சைட் காட்டினேன், இரண்டும் சரியானவை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது, லைன்ஸ்மன் மாறுவதில்லை. அதனால் நான் நின்ற பாதி இப்போது எங்கள் ரீம் தாக்கும் பாதியாகிவிட்டது.

முடிவதற்குக் கால் மணி நேரம் இருக்கும். மயிலிட்டிக்காரன் ஒருவன் இடது ஓரத்தால் வெறுங்காலோடு பறந்து வந்து பந்தைக் குறுக்கே தட்டினான். நான் சேர் சொன்னதைத்தான் செய்தேன். பந்தைப் பார்க்கவில்லை, அவன் காலை விட்டுப் பந்து கிளம்பிய நொடியில் கெம்பஸைப் பார்த்தேன். அவர்களுடைய கடைசி ஃபுல் பாக்கைவிட அரை உடம்பு முன்னால் நின்றார். அரை உடம்பு. அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை.

கை எழும்பவில்லை.

பயந்தேன் என்று சொல்லலாம், அவ்வளவு யோசிக்க நேரம் இருக்கவில்லை. களவு செய்தேன் என்றும் சொல்லலாம். நான் தீர்மானம் எடுத்ததாக ஞாபகம் இல்லை. கொடி தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, பந்து வலைக்குள் கிடந்தது. நடுவர் என் பக்கம் திரும்பினார், கொடியைத் தேடினார், பிறகு விசிலை ஊதி நடுப்புள்ளியைக் காட்டினார். அந்த ஃபுல் பாக் ஒரு கையைத் தூக்கியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

1–0. அதுதான் நீங்கள் எல்லாரும் கேட்டிருக்கிற அந்த வெற்றி.

ரயிலில் திரும்பும்போது பெட்டி முழுக்கப் பைலாப் பாட்டு. தகர வாளிதான் மேளம். சேர் யன்னலோரம் இருந்தார். என்னைப் பக்கத்தில் இருத்தி, கையிலிருந்த கொடியை வாங்கி ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "ஏனடா, பாரமாயிருந்ததோ?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் ஏதும் சொல்லியிருக்கலாம். சுன்னாகம் வந்தது, மல்லாகம் வந்தது, இறங்கிவிட்டோம். மறுநாள் காலைப் பிரார்த்தனையில் அதிபர் கெம்பஸை மேடைக்குக் கூப்பிட்டார். கடைசிப் பாடம் ரத்து.

ஐந்தாவது ஆட்டத்தில் 3–1 என்று வென்றோம், கெம்பஸ் இரண்டு போட்டார், இரண்டும் சுத்தமான கோல். ஆறாவதுக்கு முந்தி நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. ஆட்டம் தள்ளிப்போனது. அந்தக் கிழமை நாங்கள் பந்துக்குப் பதிலாகச் சாக்குகளோடு வீடு வீடாகப் போய் அரிசியும் உடுப்பும் சேர்த்தோம். பிறகு வெள்ளம் நின்ற மைதானத்தில் 0–4. அந்த ஆட்டத்தைப் பற்றி இராப்போசனத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை, நானும் விட்டுவிடுகிறேன்.

ஒரே வரிசையில் நின்றால் இனி ஓஃப்சைட் இல்லை என்று 1990இல் சட்டத்தை மாற்றினார்கள். லண்டனில் அந்தச் செய்தியை வாசித்தபோது ஒரு கணம் மனம் இலேசானது. பிறகு கணக்குப் பார்த்தேன். அரை உடம்பு ஒரே வரிசை ஆகாது. அதே வருடம் ஜூனில்தான் போரில் எங்கள் ஊர் முழுக்க எழும்பி ஓடியது, கல்லூரியும் இடம்பெயர்ந்தது. ஓஃப்சைட்டைப் பற்றி யாரோடும் பேசுகிற காலமாக அது இருக்கவில்லை. காணிகள் இராணுவத்திடமிருந்து விடுபட்ட பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். எங்கள் மைதானத்தில் ஆளுயரத்துக்குப் பற்றை, அதற்குள் ஒரு மண் அணை. எல்லைக்கோடு எது என்று தேடிக் காலால் அளந்துகொண்டு நின்றேன். கூட வந்த மருமகன் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று தானும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டான்.

இப்போதெல்லாம் தொலைக்காட்சியில் ஆட்டத்தை நிறுத்தி, கோடு கீறி, அக்குள் வெளியே நிற்கிறது என்று காட்டுகிறார்கள். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இதை எழுதத் தொடங்கிய பிறகு, எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று ரொறன்ரோவில் இருக்கும் கெம்பஸுக்கு அழைத்தேன். சுகம் விசாரித்தோம், சீனி அளவு விசாரித்தோம். பிறகு சொன்னேன்.

"அண்ணை, அந்தக் கோல் ஓஃப்சைட்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றார். "பந்து உள்ளை போனவுடனை நான் கோலைப் பார்க்கேல்லையடா, உன்னைத்தான் பார்த்தனான். கொடி கீழை இருந்தது. பிறகுதான் கையைத் தூக்கிக் கத்தினனான்."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"நீ சொன்னனியே?"

மலரில் எழுதப்போகிறேன் என்றேன். சிரித்தார். "எழுது, எழுது. இனி ஆர் வந்து கேக்கப் போகினம். ஆனா ஒண்டு, அது என்ரை முழங்காலிலை பட்டுப் போனதெண்டதை மட்டும் எழுதிப்போடாதை."

முழங்காலில் பட்ட கதை எனக்கு அதுவரை தெரியாது. நான் நின்ற பக்கத்திலிருந்து பார்க்க அது அடித்த கோல் மாதிரித்தான் இருந்தது. எழுதமாட்டேன் என்று சொல்லி வைத்தேன்.