பாலத்துக்கு அங்கால

2024 ஜூன் 3, திங்கள்

ரத்தச் சீனி, மூன்று மாசக் கணக்கு (HbA1c): 6.1.

ஜூன் 4

சப்பாத்து வாங்கியாச்சு. "அக்கா, நடக்கவா ஓடவா?" என்று கடைப் பொடியன் கேட்டான். நடக்க என்றேன். ஓட என்று சொல்ல வாய் வரவில்லை, கடைக்குள் வேறு ஆட்களும் நின்றார்கள். பெருவிரலை அமத்திப் பார்த்து, அளவு கச்சிதம் என்றான். விலையை இங்கே எழுதமாட்டேன். தம்பி வாசிப்பான்.

ஜூன் 6

விடிய ஐந்து மணி, கல்லடிப் பழைய பாலம். பாதிப் பாலத்தில் மூச்சு அடைத்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா தன் வாளியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். வாவிக்குள் குதிக்கப் போகிறாள் என்று நினைத்தாரோ, வாந்தி எடுக்கப் போகிறாள் என்று நினைத்தாரோ.

1924இல் திறந்த பாலம். இந்த வருசம் அதற்கு நூறு. எனக்கு நாற்பத்தொன்று. இரும்பு நன்றாய்த்தான் நிற்கிறது.

ஜூன் 7

படி இறங்க ஏலாது. கந்தோரில் கதிரையை விட்டு எழும்பும் ஒவ்வொரு தடவையும் "அம்மா" என்று என்னையறியாமல் சத்தம் வருகிறது. பக்கத்து மேசை அக்கா தலையிடியா இருக்கா என்று கேட்டா. ஓம் என்றேன். தலையிலிருந்து கால் வரை.

ஜூன் 9, ஞாயிறு

வெபர் மைதானம். சுண்ணாம்புக் கோடு அரைவாசி அழிந்து கிடக்கிறது. ஆனாலும் சுற்று சுற்றுத்தான். உள்வரிசையில் நானூறு மீற்றர், இரண்டரைச் சுற்றுக்கு ஒரு கிலோமீற்றர். பென்சன் எடுத்த உடற்கல்வி சேர் ஒருவர் பாடசாலைப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டு நின்றார். நான் ஒரு சுற்று ஓடி முடித்துக் குனிந்து நிற்க, வந்து கேட்டார்.

"ஆர் துரத்துறா மகள்?"

"ஒருத்தருமில்ல சேர்."

"ஓடக்குள்ள கதைக்க ஏலுமா?"

"ஏலா சேர்."

"அப்ப அது உங்கட வேகமில்ல. வேற ஆர்ரயோ வேகம்."

ஒரு நிமிசம் ஓடு, இரண்டு நிமிசம் நட. அவ்வளவுதானாம். ஓடும்போது வாயால் எதையாவது சொல்லிக்கொண்டு போக வேண்டுமாம். வசனம் அறுந்தால் வேகத்தைக் குறைக்கணும். என்னத்தைச் சொல்ல என்று கேட்டேன். "கல்முனை பஸ்ஸில கண்டக்டர் சொல்லுவானே, அதச் சொல்லுங்க."

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி. ஆரையம்பதியில் அறுந்தது.

ஜூன் 12

மூன்று பொடியன்மார், ஒரு மோட்டார் சைக்கிள். "அக்கா, நாய் எங்க?"

தாழங்குடாவில் அறுந்தது.

ஜூன் 16

அம்மாவின் கால் இன்றைக்குப் பரவாயில்லை. பழைய துணியை நனைத்து நனைத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. பெருவிரல் இருந்த இடத்தில், விளிம்பைச் சுற்றி ஒரு நூல் அகலத்துக்கு ரோசா நிறம். அது நல்ல நிறம் என்று நேர்ஸ் பிள்ளை சொல்லியிருக்கிறா. நான் கட்டி முடிக்கும்வரை அம்மா நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. காலைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாளும் பார்க்கிறதில்லை.

சிரட்டைத் துண்டு குத்தினது இரண்டு நாளாய் அவவுக்குத் தெரியாது. நிலத்தில் ரத்தத்தைக் கண்டு, பூனைக்கு என்னவோ நடந்துவிட்டது என்று தேடியிருக்கிறா.

எனக்கு முழங்கால் நோகிறது, தொடை நோகிறது, குதி நோகிறது. எல்லாம் நோகிறது. படுக்கையில் கிடந்து ஒவ்வொரு விரலாக நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். பத்தும் நொந்தது. நித்திரை வந்தது.

ஜூன் 18

பாணுக்குப் பதில் குரக்கன் பிட்டு. அம்மா சாப்பிடவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் முகத்தைச் சரியாய் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 21, போயா

கந்தோர் லீவு. ஓடவும் லீவு. சேர் சொன்னது: மூச்சு இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்காகும், அதற்கிடையில் புழுகத்தில் கூட ஓடித்தான் எல்லாரும் காலைக் கெடுத்துக்கொள்வது. எனக்கு என்ன புழுகம்? பயம்தான். பயத்திலும் கூட ஓடலாம் என்று சேருக்குச் சொல்லவில்லை.

ஜூன் 23

கதிர்காமத்துக்கு நடக்கிற கூட்டம் ஒன்று கல்லடியால் போனது. வேல், காவி, தலையில் பொட்டலி, வெறுங்கால். தார் ரோட்டில் வெறுங்கால். நான் சப்பாத்தோடு ஓரத்தில் நின்று அவர்கள் கால்களையே பார்த்தேன். ஒரு வயசான அம்மாவின் குதி வெடித்துக் கிடந்தது. அவ என்னைப் பார்த்து, "நீயும் வாறியாகா?" என்று சிரித்தா.

எங்கட அம்மாவும் கல்யாணத்துக்கு முந்தி நடந்தவ. பொத்துவில், பாணமை, உகந்தை, அங்கால காடு, கூமுனை. அந்தக் காலால்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை.

ஜூலை 2

கச்சான் காற்று. விடியவே அனல். வாயைத் திறந்தால் மண். ஓடினேன் என்று எழுதுவதற்காக ஓடினேன்.

ஜூலை 7

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம்! மூச்சு அறாமல்! மைதானத்தில் மேய்ந்த மாடு கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. இப்போது நாலு நிமிசம் ஓடி ஒரு நிமிசம் நடக்கிறேன். வரும் வழியில் பாலத்தில் தூண்டில் ஐயா, "இண்டைக்கு முகம் நல்லாரிக்கி" என்றார். அவருக்கு மீன் ஒன்றும் படவில்லை.

கந்தோருக்குப் பிந்திப் போனேன். கையெழுத்துப் புத்தகத்தில் சிவப்புக் கோடு. அதைப் பார்த்தும் சிரிப்பு வந்தது.

ஜூலை 10

வலது கால். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன் எலும்பின் உள்பக்கம். விரலால் தடவினால் ஒரு சாண் நீளத்துக்கு நோ.

ஜூலை 11

நோ.

ஜூலை 12

சித்தாலேப பூசினேன். மீன்காரரிடம் ஐஸ் கேட்டு வாங்கி பொலித்தீனில் சுற்றிக் கட்டினேன். இப்போது கால் சூரை மீன் மணக்கிறது. "ஓடாத ஓடாத எண்டு சொன்னன், கேட்டியா?" என்கிறா அம்மா. தன் காலை நீட்டிக்கொண்டு என் காலுக்குப் புத்தி சொல்கிறா.

ஜூலை 14

மைதானத்தில் குந்தியிருந்து பார்த்தேன். எங்கே ஓடுகிறனீங்கள் என்று சேர் கேட்டார். மைதானம் வராத நாளில் கடற்கரையால் நாவலடிப் பக்கம் போய் ரோட்டால் திரும்புவேன் என்றேன். சிரித்துவிட்டு ஈர்க்கால் மண்ணில் கீறிக் காட்டினார். கடல் வலப்பக்கம், மணல் கடலுக்குச் சரிவு, ஆகவே வலது கால் எந்நாளும் பள்ளத்தில். வரும்போதும் அதே மணலால் வந்திருந்தால் மற்றக் காலுக்கும் பங்கு கிடைத்திருக்கும். நான் ரோட்டால் வருகிறேன். ஒரே காலுக்கே தண்டனை. அதோடு, மைதானத்தில் எந்நாளும் ஒரே பக்கமாய்ச் சுற்றுவதும் கூடாதாம்.

ஒரு கிழமை ஓட்டம் இல்லை. நோ போகாவிட்டால் டொக்டரிடம் காட்டச் சொன்னார். எலும்பில் மயிர் வெடிப்பாகவும் இருக்குமாம். இதைக் கடைசியாய்ச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஜூலை 15

இல்லை.

ஜூலை 16

இல்லை. இரண்டு தரம் பாலம் வரை சைக்கிளில் போய் வந்தேன், சும்மா.

ஜூலை 20, போயா

தம்பி டோகாவில் இருந்து எடுத்தான். முதலில் வெயில் கதை, பிறகு காசுக் கதை. பிறகு, "அம்மாவத் தனிய விட்டுட்டு விடியவெள்ளன எங்க ஓடுறாய்?" என்று கேட்டான். ஆர் சொன்னது என்று கேட்கவில்லை. பக்கத்து மச்சாளாகத்தான் இருக்கும். நாற்பது நிமிசம். அந்த நாற்பது நிமிசம் அம்மா நித்திரை. நித்திரையில்லாத இருபத்து மூன்று மணித்தியாலச் சொச்சத்தில் ஆர் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியுமா? மருந்து கட்டுகிறது ஆர், கிளினிக்கில் நம்பர் எடுக்க இருட்டோடு போய் வரிசையில் நிற்கிறது ஆர்? இதெல்லாம் போனை வைத்த பிறகு பாத்திரத்துக்குச் சொன்னது. போனில், "ம்" என்று மட்டும் சொன்னேன்.

6.1 அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. மூன்று மாசம் கழித்துத் திரும்பச் செய்யச் சொன்ன துண்டு என் கைப்பைக்குள் கிடக்கிறது. சிவப்பணு ஒன்றின் ஆயுள் நூற்றிருபது நாள் அளவில் தானாம், அதனால் மூன்று மாசம். இப்போது ஓடுகிற ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, நான் ஓடத் தொடங்கின பிறகு பிறந்ததாய் இருக்கவேணும். அது என்ன கணக்கோ, ஆனால் அப்படி நினைக்க ஆசை.

ஜூலை 23

மெல்ல ஓடினேன். நோகவில்லை. திரும்ப ஒரு நிமிசம், இரண்டு நிமிசத்திலிருந்து. பாடசாலைப் பிள்ளை ஒன்று, பதினைந்து வயசிருக்கும், என்னைச் சுற்றுக்குச் சுற்று கடந்து போனது. கடக்கும்போதெல்லாம் "சொறி அன்ரி" என்றது.

ஜூலை 28

இடது பெருவிரல் நகம் கறுத்துப் போய்க் கிடக்கிறது.

இதை ராத்திரி பதினொன்றுக்கு எழுதுகிறேன். முகம் கழுவக் குனியும்போது கண்டது. நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை, கத்தரிக்காய் நிறம். நோகவில்லை. நோகவில்லை என்பதுதான். அமத்தினேன், நோகவில்லை. குண்டூசியை எடுத்துப் பக்கத்துத் தோலில் வைத்தேன், குத்தினது தெரிந்தது. தெரிந்ததா, தெரியவேணும் என்று நினைத்ததாலா? கண்ணை மூடிக்கொண்டு திரும்பக் குத்தினேன். தெரிந்தது. மற்றக் காலிலும் குத்திப் பார்த்தேன். 6.1க்கு இவ்வளவு கெதியாய் நரம்பு சாகாது, அது எனக்குத் தெரியும், வாசித்திருக்கிறேன், அம்மாவுக்கு இருபது வருசம் எடுத்தது. ஆனாலும் அம்மாவுக்கு எப்போது தொடங்கினது என்று ஆருக்குத் தெரியும்? அவவும் ஒருநாள் ராத்திரி விரலைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று படுத்திருப்பாவோ?

அதே பெருவிரல். அவவுக்கும் இடது.

லைற்றை நூர்த்தேன். திரும்பப் போட்டேன்.

ஜூலை 29

சேர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓடுறவங்களுக்கு ஒரு கறுத்த நகமாவது இரிக்கும் மகள்." ஓட ஓடக் கால் வீங்கும், முன்னுக்கு ஒரு விரல் அகலம் இடம் விட்டு வாங்கவேணும், இல்லாவிட்டால் நகம் சப்பாத்தில் இடித்து உள்ளே ரத்தம் கண்டிவிடும். விழும், புதிசு முளைக்கும். கச்சிதம் என்றவன் நல்லாயிருக்கட்டும்.

நிம்மதியில் அழுகை வந்தது. வியர்வை என்று துடைத்தேன்.

ஓகஸ்ட் 4, ஆடி அமாவாசை

மாமாங்கம். அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். தீர்த்தக் குளத்தடியில் சனத்துக்குள் நடக்கவே ஏலாது, ஓட்டம் எங்கே. அம்மா வரவில்லை, காலை நனைக்கக்கூடாது. ஒரு போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து தலையில் தெளித்தேன். "கால்லயும் ரெண்டு துளி விடு" என்றா. துணிக்கு மேலே விட்டேன்.

ஓகஸ்ட் 10

பரிஸ் மரதன், போனில், பதினொன்றரையிலிருந்து. கந்தோர் இல்லாத சனிக்கிழமை. அம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். கிப்சோகே என்று ஒருவர், கென்யா, இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம், 2019இல் வியன்னாவில் நாற்பத்திரண்டு கிலோமீற்றரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓடினவர் என்று சொல்லிக்கொடுத்தேன். "அவன் எங்க இப்ப?" என்று அம்மா கேட்டுக்கொண்டேயிருந்தா. அவர் பின்னுக்குப் போய்விட்டார். முப்பது கிலோமீற்றர் கடந்து நடந்தாராம், பிறகு நின்றேவிட்டாராம். சப்பாத்தைக் கூடக் கழற்றிப் பார்க்க வந்த சனத்துக்குக் கொடுத்தாராம்.

அவர் நடந்தார்! பாலத்தில் நடக்கும்போது ஆராவது வந்தால் ஓடுவதுபோல் கையை ஆட்டுகிறவள் நான்.

அம்மாவுக்கு வேறு கவலை. "வெறுங்காலோட எப்பிடி வீட்ட போனான்?"

ஓகஸ்ட் 11

இன்றைக்குப் பெண்கள். சிஃபான் ஹசன். ஐயாயிரத்திலும் பத்தாயிரத்திலும் வெண்கலம் எடுத்த களைப்போடு வந்து மரதனில் தங்கம். 2:22:55. கடைசி வளைவில் எத்தியோப்பியப் பிள்ளையோடு தோள் முட்டினதும் அம்மா, "தள்ளுறாகா, தள்ளுறா!" என்று கத்தினா.

பிறகு முள்ளியவளை அகிலத்திருநாயகியின் கதையைச் சொன்னேன். எழுபதைத் தாண்டி, 2023இல் பிலிப்பைன்ஸ் போய் 1500 மீற்றரில் தங்கம் எடுத்தவ. படத்தையும் காட்டினேன். அம்மா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்து நெடுநேரம் பார்த்தா. முகத்தையாக்கும் என்று நினைத்தேன்.

"கால் நல்ல கால்" என்றா.

ஓகஸ்ட் 18

பன்னிரண்டரைச் சுற்று. நடக்காமல். ஐந்து கிலோமீற்றர். நாற்பத்தாறு நிமிசம். மருதமுனை தாண்டிக் கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கி, திரும்பி மட்டக்களப்புக்கு ஏறினேன், அவ்வளவு மூச்சு மிச்சம். கடைசிச் சுற்றில் அந்தச் "சொறி அன்ரி" பிள்ளை கூட ஓடி வந்தது. ஜீவனிப் பக்கற் கலக்கிய போத்தலைத் தந்தது. சேர் விசில் ஊதினார். ஊதிவிட்டு, "நாளைக்கு ஓடாதீங்க" என்றார், வழமைபோல.

ஓகஸ்ட் 19

ஓடவில்லை. நாள் முழுக்க ஆரிடமாவது சொல்ல வேணும்போல் இருந்தது. பக்கத்து மேசை அக்காவிடம் சொன்னேன். "அஞ்சு கிலோமீற்றரா? ஆட்டோ கிடைக்கல்லயா?"

ஓகஸ்ட் 25

ஏலவில்லை. ஒரு சுற்றிலேயே கால் கல்லாய்ப் போனது. போன ஞாயிறு ஓடினது ஆரோ.

ஓகஸ்ட் 28

அம்மாவின் காலில் ரோசா நிறம் இன்னும் உள்ளுக்கு வந்திருக்கிறது. பெரிய டொக்டர் பார்த்துத் தலையாட்டினார். வரும்போது ஆட்டோக்குள், "உனக்கும் சீனி இரிக்கா?" என்று கேட்டா. ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டா. ஆர் சொன்னது என்று கேட்டேன். ஒருத்தரும் சொல்லவில்லையாம், குரக்கன் பிட்டு சொன்னதாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

விடிய மூன்று கிலோமீற்றர், மெல்ல. நகம் பாதி கழன்றுவிட்டது, பிளாஸ்ரர் போட்டிருக்கிறேன். புதுச் சப்பாத்துக்குச் சம்பளம் வரட்டும்.

நாளைக்கு ஏழு மணிக்கு ரத்தம் கொடுக்கவேணும். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணி மட்டும். தானும் வருவேன் என்று அம்மா நிற்கிறா. ஆட்டோக்காரரிடம் சொல்லியாச்சு, ஆறரைக்கு வருவார். வெள்ளைச் சாரியை எடுத்து வைக்கச் சொல்கிறா, ரத்தம் கொடுக்கப் போக என்னத்துக்கு வெள்ளைச் சாரி, கூப்பிடுறா