ஸ்கேன் நார்மல்னு வந்தா அழுவுறாங்க

மனநல வார்டுல சோஷியல் ஒர்க்கரா இருக்குறவங்களுக்கு இது நல்லா தெரியும், எம்ஆர்ஐ ரிப்போர்ட் நார்மல்னு வந்தா வீட்டாளுங்க சந்தோஷப்பட மாட்டாங்க. "அப்ப என்னதான் மேடம் இவனுக்கு, நடிக்கிறானா?"ம்பாங்க. குணசீலம் கோயில், ஏர்வாடி தர்கான்னு அலைஞ்சு, மந்திரிச்சு, கடன வாங்கி செலவு பண்ணிட்டு, மிஷினாவது ஒரு பதில் சொல்லும்னு வந்தவங்க, அதுவும் ஒண்ணுமில்லன்னு சொன்னா அழுகை வரத்தான் செய்யும். டாக்டர் ஸ்கேன் எழுதுறதே கட்டி கிட்டி வேற ஏதாவது இருக்கான்னு பாத்துக்கத்தான், இல்லாத குரல் கேக்குற, இல்லாதத நம்புற ஸ்கிசோஃப்ரினியாங்குற மனநோய கண்டுபிடிக்க இல்ல, ஆனா அத ஓ.பி. கூட்டத்துல யாரு உக்காந்து விளக்குறது.

அப்ப மூளைல வித்தியாசமே இல்லயான்னா இருக்கு. 1976லயே லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரில சிடி ஸ்கேன் எடுத்து, ரொம்ப நாள் இந்த நோயோட இருந்தவங்களுக்கு மூளைக்குள்ள நீர் நிக்கிற அறைங்க பெருசா இருக்குன்னு காட்டிட்டாங்க. 2016ல எனிக்மாங்குற பெரிய கூட்டு ஆய்வுல 2028 நோயாளிங்களயும் நோயில்லாத 2540 பேரயும் ஒப்பிட்டப்ப, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் நோயாளிங்களுக்கு சின்னதா இருந்துச்சு. ஆனா எல்லாம் சராசரி. ரெண்டு ஊர்ல சராசரி உயரம் வேற வேறயா இருக்கலாம், அதுக்காக பஸ்ல நிக்கிற ஒரு ஆள அளந்து இவன் இந்த ஊருன்னு சொல்லிற முடியுமா?

என் வேலை கேஸ் ஹிஸ்டரி எடுக்குறது. அதுல கர்ப்பகாலம், பிரசவம்னு ஒரு கட்டம் வரும், அவசரத்துல பாதிப்பேரு "விசேஷமா ஒண்ணுமில்ல"ன்னு எழுதிட்டு போயிருவோம். பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன எடத்துல காதுல குரல் கேக்க ஆரம்பிச்ச ஒரு பையனோட அம்மாகிட்ட அத கொஞ்சம் நிதானமா கேட்டேன். "அப்ப ஒரு நாளைக்கு ஒரு வேள கஞ்சிதாம்மா, வலி வர்ற வரைக்கும் நடவுக்குப் போனேன்"னாங்க. நான் எழுதிட்டே இருக்கேன், அவங்க பேனாவயே பாத்துட்டு, "நான் சாப்புடாததாலயா இவனுக்கு இப்படி?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்குப் பின்னாடி உண்மையிலயே ஒரு ஆராய்ச்சி இருக்கு, அதுதான் கஷ்டமே. 1944-45 குளிர்காலத்துல ஜெர்மன்காரங்க சாப்பாடு போற வழிய அடைச்சு ஹாலந்து நாட்டோட மேக்குப் பகுதில பெரிய பஞ்சம். அந்தப் பஞ்சம் உச்சத்துல இருந்தப்ப கருவானவங்களுக்கு பின்னால ஸ்கிசோஃப்ரினியா வர்றது ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 2000ல ஒரு சின்ன எம்ஆர்ஐ ஆய்வு, அதுல வயித்துல இருக்கும்போதே பஞ்சத்துல அடிபட்ட நோயாளிங்களுக்கு மண்டைக்குள்ள இருக்குற மொத்த கொள்ளளவே கம்மி. சீனால 1959-61 பஞ்சத்துலயும் இதே கதை, அன்ஹுய் மாகாணத்துல ஒரு பகுதில பொறந்தவங்கள்ல இந்த நோய் வந்தவங்க 0.84 சதவீதமா இருந்தது, பஞ்சத்துல பொறந்தவங்கள்ல 2.15 ஆச்சு. இத அப்படியே எடுத்துச் சொன்னா அந்தம்மா அன்னிக்கு ராத்திரி தூங்குவாங்களா? நான் அதே நம்பர திருப்பிச் சொன்னேன், அவ்ளோ பட்டினிலயும் நூத்துக்கு தொண்ணூத்தேழு பேருக்கு மேல ஒண்ணும் வரல, அப்புறம் வேளைக்கு சோறு இல்லாம போனது உங்க குத்தம் இல்லம்மான்னு. தலைய ஆட்டினாங்க, நம்புனாங்களான்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியல.

பட்டினி மட்டும்தான்னு இல்ல. இங்கிலாந்துல இருக்குற கரீபியன் வம்சாவளிக்காரங்களுக்கு இந்த நோய் பல மடங்கு அதிகம், ஆனா ஜமைக்காலயும் ட்ரினிடாட்லயும் போய்ப் பாத்தா அப்படி இல்ல, அப்ப வெறும் பரம்பரைன்னு எப்படி சொல்றது, வெள்ளக்காரன் ஊர்ல ஒதுக்கப்பட்டு வாழ்றதுல ஏதோ இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. சின்ன வயசுல அடி உதைன்னு வளர்ந்தவங்களுக்கு நோயே இல்லன்னாலும் சராசரில ஹிப்போகேம்பஸ் சின்னதா இருக்குன்னு ஆய்வுங்க இருக்கு, கார்டிசால்னு ஒரு ஹார்மோன் ஓயாம சுரந்து அந்தப் பகுதிய பாதிக்குதுங்குறது ஒரு விளக்கம். ஆனா நோயே ஆள ஏழையாக்கிரும், வேலை போகும், கல்யாணம் முறியும். சாப்புடுற மாத்திரையும் மூளை அளவ கொஞ்சம் குறைக்கலாம்னு சொல்றாங்க (இத வாசிச்சுட்டு யாரும் மாத்திரைய நிறுத்திராதீங்க ப்ளீஸ், நிறுத்துனா என்ன ஆகும்னு தினமும் பாக்குறேன்). ஒரு பேஷண்டு படத்த வச்சுக்கிட்டு இதுல நோய் எவ்ளோ, வறுமை எவ்ளோ, மாத்திரை எவ்ளோன்னு யாராலயும் பிரிக்க முடியாது.

அதனால நான் ஹிஸ்டரிய நீளமாவே எழுதுறேன், "என்ன மேடம், நாவலா?"ன்னு டாக்டருங்க கிண்டல் பண்ணுவாங்க. அந்தப் பையனுக்கு நைட் ஷிப்ட் வேணாம்னு கம்பெனிக்கு லெட்டர் போட்டோம். இப்ப மாற்றுத்திறனாளி அட்டைக்கு அப்ளை பண்ணிருக்கு, சலுகைங்க கிடைக்கணும்னா பாதிப்பு 40 சதவீதம்னு வரணும். ஐடியாஸ்னு ஒரு ஸ்கேல்ல தன்னப் பாத்துக்குறது, மத்தவங்களோட பழகுறது, பேச்சு, வேலை, இந்த நாலுக்கும் மார்க் போட்டு, எத்தன வருஷமா நோய்ங்குறதயும் சேத்துக்குவாங்க. அந்தம்மா எம்ஆர்ஐ கவரையும் மறக்காம எடுத்துட்டு வந்திருந்தாங்க, அது தேவப்படாதும்மான்னு சொல்லி ஆதார் ஜெராக்ஸ் மட்டும் வாங்கிக்கிட்டேன்.