கோதுமைப் பத்தியில் காணாமல் போனது

பாரிஸ் நகரத்துக்கு நூற்றாண்டுக்கணக்கில் மாவரைத்துக் கொடுத்தவர்கள் யார் என்று தேடிய ஆய்வுக்குழுவில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சந்தைக்கு வந்த கோதுமையைப் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்து ஆண்டுவாரியாக அட்டவணை போடுவது என் வேலை. எளிய வேலை என்றுதான் சொன்னார்கள். பதிவேட்டைத் திறந்தால் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது.

ஆலை என்றதும் முதலில் கட்டடங்களைத் தேடினேன். இடைக்காலப் பாரிஸில் ஆலை ஆற்றில் இருந்தது. சேன் நதிப் பாலங்களின் தூண்களுக்கிடையே நீர் சீறிப் பாயும் இடத்தில் சக்கரங்களை மாட்டி அரைத்தார்கள். 1268 வாக்கில் பாரிஸ் நகர அதிகாரி எத்தியேன் புவாலோ தொகுத்த தொழில் விதிகளில், பெரிய பாலத்து மாவரைப்போருக்குத் தனிப் பகுதியே உண்டு. வெள்ளம் வந்தாலும் ஆறு உறைந்தாலும் அரவை நின்றுவிடும். 1596 டிசம்பரில் ‘ஆலைக்காரர் பாலம்’ மேலிருந்த வீடுகளோடு ஆற்றில் விழுந்தது. இதையெல்லாம் ஆர்வமாகக் குறித்து வைத்தேன். அட்டவணைக்கு எதுவும் உதவவில்லை.

அட்டவணையில் விசித்திரம் ஒன்று தெரிந்தது. 18-ஆம் நூற்றாண்டு நகர நகர, அதில் கோதுமைக்கென்று இருந்த பத்தியில் எண்கள் இளைத்துக்கொண்டே போயின. ‘தானிய வணிகத்தின் வீழ்ச்சி’ என்று தலைப்புப் போட்டு நான்கு பக்கம் எழுதிவிட்டேன். பஞ்சம், வரி, போர் என்று காரணங்களும் தயார். எங்கள் மேற்பார்வையாளர் அம்மையார் முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “ஊரில் ஜனம் கூடிக்கொண்டே போகிறதே, அவர்கள் எதைத் தின்றார்கள்?”

மாவைத் தின்றார்கள். கோதுமையாக வந்துகொண்டிருந்தது மாவாக வர ஆரம்பித்திருந்தது. பதிவேட்டில் மாவுக்கு இருந்த பத்தியை நான் புரட்டவே இல்லை!

அதற்கு முன்பெல்லாம் ரொட்டிக்கடைக்காரர் சந்தையில் கோதுமை வாங்கி, ஆலையில் கொடுத்து அரைத்து, மாவைத் தம் இடத்திலேயே சல்லடையில் சலித்து எடுப்பார். ஆலைக்காரருக்குக் கிடைப்பது அரவைக்கூலி மட்டும். பிறகு ஆலைக்காரர் தாமே கோதுமை வாங்கி, அரைத்து, சலித்து, மாவை மூட்டையாக விற்கத் தொடங்கினார். கூலிக்கு அரைத்தவர் வியாபாரியானார்.

இந்த மாற்றத்தின் ஒரு நுனியைப் பிடிக்க ‘கிரூவோ’ என்ற பிரெஞ்சுச் சொல்லோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். அகராதி ஒவ்வொன்றும் ஒவ்வொன்று சொன்னது. ஒரு நாள் சல்லடையை நினைத்தபோது பளிச்சென்றது: ரவை! முதல் அரவையில் மாவாகாமல் நிற்கும் பருமணி. நெடுங்காலம் அது தவிட்டோடு கழிந்தது. மறு அரவை மனிதர் உண்ணத் தகாதது என்று தடையும் இருந்தது. ‘சிக்கன அரவை’ என்று பெயர் பெற்ற முறை, அந்த ரவையைத் தனியே பிரித்துத் திரும்பத் திரும்ப அரைத்தது. அதே கோதுமையில் வெள்ளை மாவு கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் பல சல்லடை, பல ஆள், கையில் முதல் எல்லாம் வேண்டும். சிறு ஆலைக்காரருக்கு அது எட்டாது.

தவறைத் திருத்துவதும் லேசாக இல்லை. கோதுமையை முகந்து அளந்தார்கள். செத்தியே என்ற பழைய முகத்தலளவை ஒன்றுக்குச் சுமார் 156 லிட்டர். மாவை நிறுத்தார்கள், மூட்டைக்கு 325 லீவ்ர், ஒரு லீவ்ர் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. படியை எடையாக்க வேண்டும், எடையைத் திரும்பக் கோதுமையாக்க வேண்டும். எந்த அரவை முறை என்பதைப் பொறுத்து விடையும் மாறும். தலை சுற்றியது.

தானியச் சந்தைக்கென்று கட்டிய வட்ட மண்டபத்தை அதற்குப் பிறகுதான் போய்ப் பார்த்தேன். 1767-இல் முடிந்த கட்டடம். 1783-இல் போட்ட மரக்கூரை 1802-இல் எரிந்துபோக, பின்னர் இரும்புக் கூரை போட்டார்கள். இப்போது அது கலைக்கூடம். அதன் பழைய பெயரில் தானியத்தோடு ‘மாவு’ என்ற சொல்லும் இருந்திருக்கிறது. அதை முதல் நாளே வாசித்திருந்தால் நான்கு பக்கம் மிச்சமாகியிருக்கும்.

பிரான்ஸின் நிதியமைச்சர் துர்கோ தானிய வணிகத்தைக் கட்டுப்பாடு நீக்கித் திறந்துவிட்டதையும், 1775 மே மாதம் பாரிஸ் ரொட்டிக்கடைகள் சூறையாடப்பட்டதையும் குழுவில் வேறொருவர் எழுதினார். அந்தக் கலகத்துக்கு ‘மாவுப் போர்’ என்று பெயர். கோதுமைப் போர் என்று யாரும் சொல்லவில்லை என்பதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டினார்.

கடைசியில் என் அட்டவணையில் மாவுக்கு ஒரு பத்தி, மாற்றுக் கணக்குக்கு இரண்டு பத்தி என்று சேர்ந்தன. தாளின் அகலத்துக்குள் அடங்காமல், அறிக்கையில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் படுக்கைவாட்டில் அச்சிட்டார்கள்.