பழைய டிராம்போனுக்கு ஸ்பேர் தேடுகிறீர்களா? முதலில் வெர்னியரை எடுங்கள்

“எல்லா டிராம்போனுக்கும் பொருந்தும் சார்” என்று சொல்லி விற்கும் அவுட்டர் ஸ்லைடை வாங்கிவிடாதீர்கள். டிராம்போன் என்பது குழாயை இழுத்தும் தள்ளியும் சுரம் மாற்றும் பித்தளை ஊதுவாத்தியம். அதில் கையால் இழுக்கும் வெளிக்குழாய்தான் அவுட்டர், அது ஏறி ஓடும் உள்குழாய் இன்னர், இரண்டுக்கும் இரண்டிரண்டு கால். நான் அளவுகளை எழுதி, வெர்னியரோடு (விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி) படமும் எடுத்து அனுப்பி, “சரியா இருக்கும், அனுப்பிடறோம்” என்று பதிலும் வாங்கிய பிறகு பார்சலில் வந்தது வேறு அளவு. இரண்டு குழாய்களுக்கும் நடுவில் உள்ள தூரமே 3 மில்லிமீட்டர் கூடுதல். திருப்பி எடுக்க மாட்டார்களாம். “லேசா வளைச்சுப் போடுங்க, ஏறிடும்” என்று யோசனை வேறு. ஸ்லைடை வளைக்கச் சொல்கிறவர் டிராம்போன் விற்கிறார், என்னத்தைச் சொல்ல.

என் கருவி பழைய பூசி அண்ட் ஹாக்ஸ். தென் மாவட்டத்து ஆலயங்களிலும் கல்யாண பேண்ட் செட்களிலும் இப்படிப் பல டிராம்போன்கள் பரணில் கிடக்கின்றன. 1930-ல் இரண்டு கம்பெனிகள் இணைந்து உருவான இங்கிலாந்து நிறுவனம் அது. லண்டன் எட்ஜ்வேரில் இருந்த அதன் தொழிற்சாலை இப்போது இல்லை, அதனால் கம்பெனி ஸ்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் நாட்டில் பித்தளை வாத்தியங்களுக்குப் பேர்போன ஊர் மீரட். அங்கே கைவேலை அதிகம், அதனால் பார்வைக்கு அச்சாக இருக்கும் குழாய்கூட வேறு கருவியில் ஏறும் என்று நம்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து பாகத்தின் விலையைத் தாண்டிவிடும்.

ஆகவே பணத்தை எடுக்கும் முன் ஸ்லைடில் உண்மையில் என்ன கோளாறு என்று பாருங்கள். அவுட்டரைக் கழற்றி, அதன் ஒரு காலை மட்டும் இன்னரின் ஒரு காலில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். பிறகு அடுத்த காலில். தனித்தனியாக வழுக்கிக்கொண்டு ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிடித்தால் குழாயில் குற்றமில்லை, இரண்டு கால்களும் இணையாக நிற்கவில்லை. ஒற்றைக் காலிலேயே பிடித்தால் அந்தக் காலில் நசுங்கலோ வளைவோ உண்டு. இன்னரைச் சமையலறை கிரானைட் மேடையில் படுக்க வைத்து நான்கு முனையையும் விரலால் தட்டுங்கள். ஆடினால் முறுக்கு விழுந்திருக்கிறது. இவை மூன்றுக்கும் புதுப் பாகம் தேவையே இல்லை, கை தேர்ந்த ரிப்பேர்காரர் போதும்.

பாகம் மாற்ற வேண்டியது ஸ்டாக்கிங் தேய்ந்தால்தான். இன்னர் குழாயின் அடிப்பக்கம் ஐந்து அங்குல அளவுக்குச் சற்றே பருத்திருக்குமே, அதுதான் ஸ்டாக்கிங். முலாம் போய் மஞ்சள் பித்தளை தெரிந்தாலும், உள்ளிருந்து செம்பு நிறப் புள்ளி பூத்தாலும் அதைப் பாலிஷ் போட்டு மீட்க முடியாது. செம்புப் புள்ளி என்றால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம், இனி அந்த இடம் ஓட்டை விழத்தான் போகிறது. பித்தளை துலக்கும் பிராஸோ பாலிஷை ஸ்லைடுக்குள் விடவே விடாதீர்கள். அதிலுள்ள நுண்துகள் தங்கி, மிச்சமிருக்கும் முலாமையும் அரைத்துத் தின்றுவிடும். புளி போட்டுத் துலக்குவதும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திர சோப்பும் போதும்.

அப்படித் தேய்ந்த ஸ்லைடுக்கு மலிவான வழி ஒன்றுதான்: அதே மாடலில் பெல் (ஒலி வெளிவரும் விரிந்த வாய்) நசுங்கிய கருவி ஒன்றைத் தேடிப் பிடிப்பது. பேண்ட் செட் வைத்திருப்பவர்களிடம் போய், “அண்ணாச்சி, ஒடஞ்ச பித்தளை ஏதும் கிடக்கா?” என்று கேட்டால் கடையில் கிடைக்காதது அங்கே கிடைக்கும். கொஞ்சம் தாமதித்தால் பழைய பாத்திரக் கடைக்கு எடைக்குப் போய்விடும், அதனால் கேள்விப்பட்ட அன்றே கிளம்புங்கள். கையில் வெர்னியர் கட்டாயம். ஸ்டாக்கிங்கின் வெளிவிட்டம், இரண்டு கால்களின் மையத்துக்கு மையம் உள்ள தூரம், பெல்லோடு பூட்டும் நட்டின் மரை, இந்த மூன்றையும் பாருங்கள். ஒன்று தவறினாலும் வாங்காதீர்கள். இன்னரையும் அவுட்டரையும் ஜோடியாகவே எடுங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி முடியளவுதான், ஒன்றின் அவுட்டர் இன்னொன்றின் இன்னரில் சரியாக அமைவது அபூர்வம்.

ஸ்லைடுக்குள் தேங்கும் நீரை வடிக்கும் சின்ன மூடிதான் வாட்டர் கீ. அதன் கார்க்கைக் காசு கொடுத்து வெளியூரிலிருந்து வரவழைப்பது வீண். ஹோமியோபதி மருந்துச் சீசாவின் கார்க்கே போதும், பொடி உதிராத இயற்கைக் கார்க்காகப் பார்த்து எடுங்கள். கீயின் கிண்ணத்தை அளங்கள், 9.5 மி.மீ. பக்கம் இருக்கும். கார்க்கை பிளேடால் 4 அல்லது 5 மி.மீ. கனத்துக்குச் சீவி, கண்ணாடி மேல் வைத்த 400 நம்பர் உப்புத்தாளில் முகத்தைச் சமப்படுத்துங்கள். ஒட்டுவதற்குத் தச்சர்கள் பாலிஷுக்கு வாங்கும் அரக்கை உருக்கி ஒரு சொட்டு. தட்டார் அரக்கு வேண்டாம், அதில் செங்கல் பொடி கலந்திருக்கும். சூப்பர் குளூ வழிந்து கீலுக்குள் போனால் கீயே அசையாது. ஒட்டியதும் அவுட்டரைத் தனியாக வாளித் தண்ணீரில் முக்கி, ஒரு காலை விரலால் அடைத்து, மறு காலில் ஊதுங்கள். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான், குமிழி வந்தால் கார்க் சரியாக உட்காரவில்லை.

கீயின் ஸ்பிரிங்குக்குப் பேனா ஸ்பிரிங் உதவாது. 0.8 மி.மீ. ஸ்பிரிங் கம்பியை ஆணியில் சுற்றி நாமே செய்துகொள்ளலாம். ஸ்லைடை இழுத்து மூடும்போது டங்கென்று உலோகம் மோதினால் இன்னரின் மேல்முனையில் உள்ள பேரல் என்ற உறைக்குள் இருக்கும் ஃபெல்ட் வளையம் போயிருக்கிறது. ஆர்மோனியம் ரிப்பேர் செய்பவரிடம் ஃபெல்ட் துண்டு கேட்டு வாங்கி வெட்டிப் போடுங்கள். கனம் அதிகமானால் ஸ்லைடு லாக் பூட்டாது, கவனம்.

பிரேஸ் (இரண்டு குழாய்களையும் பிணைக்கும் குறுக்குத் தண்டு) விட்டுப்போயிருந்தால் எம்-சீல் பூசாதீர்கள். பிறகு ஈயம் பிடிக்கவே பிடிக்காது, அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் போகும். பழைய லாரி ரேடியேட்டர் பற்றவைப்பவருக்குப் பித்தளையில் ஈயப்பற்று கைவந்த கலை. கேஸ் வெல்டிங் மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்தச் சூட்டில் குழாய் இளகிப் போகும். பற்றவைத்ததும் அவர் போடும் ஆசிட்டைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

மவுத்பீஸிலும் இதே தொல்லைதான். கருவிக்குள் செருகும் தண்டுதான் ஷாங்க். இப்போது கடையில் கிடைக்கும் சிறிய ஷாங்கின் முனை ஏறத்தாழ 11 மி.மீ., பெரியது 12-க்கு மேல். பழைய இங்கிலாந்துக் கருவிகள் சிலவற்றில் சிறியதே முழுதாக உள்ளே போகாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு அங்குலமாவது உள்ளே போக வேண்டும். கருவியைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஆர்கனோடு சேர்த்து ஊதினால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதி ஏறியே நிற்கிறதா? கருவியில் பழுது இல்லை. 1960-கள் வரை இங்கிலாந்து பிராஸ் பேண்டுகள் ஏ சுரத்தை 452 ஹெர்ட்ஸ் பக்கமாக வைத்து, இன்றைய 440-ஐவிட உயர்ந்த ஹை பிட்சில்தான் வாசித்தன, அதற்காகச் செய்த கருவி அது. 440-க்கு இறக்க மொத்தக் குழாய் நீளம் ஏறக்குறைய 7.6 செ.மீ. கூட வேண்டும், அதாவது சுருதி சேர்க்கும் டியூனிங் ஸ்லைடை 3.8 செ.மீ. வெளியே இழுக்க வேண்டும். அவ்வளவு தூரம் வராவிட்டால் அதன் இரண்டு காலிலும் பித்தளைக் குழாய்த் துண்டு வைத்து நீட்டிக்கொடுக்க வேண்டும், ரேடியேட்டர்காரரே செய்துவிடுவார். கைஸ்லைடை இழுத்து வைத்து ஈடுகட்டினால் ஏழாம் பொசிஷனுக்கு (ஸ்லைடைக் கடைசிவரை நீட்டும் நிலை) இடம் மிஞ்சாது. போனில் டியூனர் போட்டு இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் தேடிப் பிடிக்கும் நசுங்கிய கருவியும் அதே ஹை பிட்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.