பதினெட்டு பக்கம் போன நோட்டு: யூபிஎஸ்சிக்கு வங்கதேசம் படித்த அனுபவம்

2024 மெயின்ஸ் செப்டம்பர் 20ஆம் தேதி ஆரம்பம். ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. வங்கதேச நோட்டை ரிவிஷன் முடித்து மூடி வைத்துவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனேன். வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா ராஜினாமா செய்துவிட்டு டாக்காவை விட்டுக் கிளம்பிவிட்டார் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "உன் நோட்ல எத்தனை பக்கம் போச்சு?" என்றான்.

அறைக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். நாற்பது பக்கத்தில் பதினெட்டு போயிருந்தது.

அந்தப் பதினெட்டும் ஒரு பயிற்சி மையத்தின் மெட்டீரியலைப் பார்த்து எழுதியவை. எந்தத் தலைப்பை எடுத்தாலும் இரு நாட்டு உறவின் பொற்காலம் என்றுதான் முடியும். அங்கே ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்று ஒரு வரி கிடையாது. மீதி இருபத்திரண்டு பக்கத்தில் ஆறுகள், எல்லை, மொழி, பிரிவினை எல்லாம் இருந்தன. அவற்றில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டி வரவில்லை. அன்றிலிருந்து எந்த அண்டை நாட்டைப் படித்தாலும் யார் ஆண்டாலும் மாறாததைப் பேனாவில் எழுதுகிறேன், தலைநகரில் உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்ததைப் பென்சிலில்.

என்னைப் பற்றி ஒரு வரி: சொந்த ஊர் திருப்பூர், தமிழ் மீடியம், இரண்டு மெயின்ஸ், ஒரு இன்டர்வியூ, லிஸ்டில் பேர் வரவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

வரலாற்றை 1971இல் ஆரம்பிக்காதீர்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் ஆரம்பிக்கிறோம், பதில் இந்திய ராணுவத்தின் வெற்றிக் கதையாக முடிந்துவிடுகிறது. நான் 1905க்குப் போனேன். கர்சனின் வங்கப் பிரிவினையை நம் பாடப்புத்தகம் கல்கத்தாவில் நின்றுகொண்டே பார்க்கிறது. டாக்காவிலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும். டாக்கா ஒரு மாகாணத்தின் தலைநகரானது, முஸ்லிம் லீக் 1906இல் அங்கேதான் பிறந்தது. 1911இல் பிரிவினை ரத்தானதும் கிழக்கில் பலருக்கு அது ஏமாற்றம். அதை ஈடுகட்டப் பேசப்பட்ட டாக்கா பல்கலைக்கழகம் 1921இல் திறக்கப்பட்டது.

இந்தப் பல்கலைக்கழகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் வளாகத்தை மட்டும் வைத்துக்கொண்டே பாதி வரலாற்றைச் சொல்லிவிடலாம். 1952இல் மொழிப் போராட்ட மாணவர்கள் அங்கே கூடித்தான் தடை உத்தரவை மீறினார்கள். 1971 மார்ச் 2 அன்று வங்கதேசக் கொடி அங்கே முதலில் ஏறியது. மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் முதலில் புகுந்த இடங்களில் அதன் ஜகந்நாத் ஹால் விடுதியும் ஒன்று. 2024 போராட்டமும் அங்கிருந்துதான் கிளம்பியது.

1952இல் தமிழ் மாணவர்கள் எல்லாருமே வழுக்கும் ஒரு இடம் இருக்கிறது. நானும் வழுக்கினேன். பிப்ரவரி 21, துப்பாக்கிச் சூடு, மொழித் தியாகிகள் என்று படித்ததும் நமக்கு 1965 ஞாபகம் வந்துவிடும். உணர்ச்சியோடு ஒரு பத்தி எழுதிவிடுவோம். முதல் தடவை நான் எழுதிய விடையைத் திருத்திய சீனியர் ஓரத்தில் "எத்தனை பேர் பேசிய மொழி?" என்று மட்டும் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தால், இன்றைய வங்கதேசமும் கிழக்கு பாகிஸ்தானாகச் சேர்ந்திருந்த அன்றைய பாகிஸ்தானின் மொத்த மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழி வங்காளி. உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 1948 மார்ச்சில் டாக்காவில் நின்று உருது மட்டுமே அரசு மொழி என்று ஜின்னா சொன்னது ஒரு பெரும்பான்மையைப் பார்த்து. அவர்கள் கேட்டதோ உருதுவை எடுத்துவிடு என்பதல்ல, வங்காளியும் இருக்கட்டும் என்பது. அதற்கு ஒரு மாதம் முன்பே அரசியல் நிர்ணய சபையில் இதே கோரிக்கையை எழுப்பியவர் கொமில்லாவின் தீரேந்திரநாத் தத்தா. 1971 மார்ச் கடைசியில் அதே ராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றது. இந்த ஒரு மனிதரை வைத்தே 1948ஐயும் 1971ஐயும் இணைத்துவிடலாம். வங்காளி அரசு மொழியானது 1956 அரசியலமைப்பில். யுனெஸ்கோ தாய்மொழி நாளாக அறிவித்தது 1999இல்.

பிறகு பணம். கிழக்கின் சணல் கொண்டுவந்த அந்நியச் செலாவணி மேற்கில் செலவாகிறது என்ற கோபம் இல்லாமல் 1966இல் முஜிபுர் ரஹ்மான் கிழக்குக்குத் தன்னாட்சி கேட்டு வைத்த ஆறு அம்சங்கள் புரியாது. 1970 நவம்பர் போலா புயலில் லட்சக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அடுத்த மாதத் தேர்தலில் கிழக்கின் 162 இடங்களில் முஜிபின் அவாமி லீக் கட்சிக்கு 160, மேற்கில் ஒன்றுகூட இல்லை. ஒரே நாடு இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று அந்த எண்களே சொல்லிவிடும். போர் விவரங்களை நான் ஒரே பக்கத்தில் முடித்துக்கொண்டேன்.

விடுதலைக்குப் பிந்தைய பகுதியைப் பிரதமர் வரிசையாகப் படித்தால் தலை சுற்றும். அரசியலமைப்புத் திருத்தங்களைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். 1972இல் நான்கு தூண்கள்: தேசியம், சோசலிசம், ஜனநாயகம், மதச்சார்பின்மை. முஜிபுர் ரஹ்மான் 1975 ஆகஸ்ட் 15 அன்று கொல்லப்பட்ட பிறகு, ராணுவத்திலிருந்து ஆட்சிக்கு வந்த ஜியாவுர் ரஹ்மான் காலத்தில் மதச்சார்பின்மை போனது, 'வங்காளி' என்ற அடையாளம் 'வங்கதேசி' ஆனது. இன்னொரு ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத் 1988இல் இஸ்லாத்தை அரசு மதமாக்கினார். 2011இன் 15ஆவது திருத்தம் மதச்சார்பின்மையைத் திரும்பக் கொண்டுவந்தது, அரசு மதத்தையும் வைத்துக்கொண்டது. அதே திருத்தம்தான் தேர்தல் கால இடைக்கால அரசு முறையையும் எடுத்துவிட்டது. அதற்கப்புறம் நடந்த தேர்தல்கள் மேல் எழுந்த சந்தேகங்களெல்லாம் அங்கே போய்த்தான் நிற்கின்றன. நாம் யார், மொழியாலா மதத்தாலா என்ற கேள்விதான் அந்த நாட்டில் ஆட்சிக்கு ஆட்சி திரும்பத் திரும்ப வருகிறது.

ஆறுகளுக்கு அட்லஸ் இல்லாமல் உட்காராதீர்கள். கங்கை அங்கே போனதும் பத்மா, பிரம்மபுத்திரா ஜமுனா. (யமுனை என்று எழுதி மார்க்கை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.) இரண்டும் சேர்ந்து போய் சாந்த்பூர் பக்கம் மேக்னாவில் கலக்கின்றன. இரு நாட்டுக்கும் பொதுவான ஆறுகள் 54. காவிரிச் செய்தி கேட்டே வளர்ந்த நமக்குக் கனஅடி என்றால் பயம் இருக்காது, ஆகவே 1996 கங்கை ஒப்பந்தத்தின் கணக்கைப் போட்டே பாருங்கள். ஜனவரி 1 முதல் மே 31 வரை மேற்கு வங்கத்தின் ஃபராக்கா அணையில் 70,000 கனஅடி வரை வந்தால் ஆளுக்குப் பாதி. 75,000 வரை வந்தால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி நமக்கு. அதற்கும் மேலே போனால் நமக்கு 40,000, மீதி அவர்களுக்கு. மார்ச் 11இலிருந்து மே 10 வரை, பத்து நாள் ஒருவருக்கு 35,000 உத்தரவாதம், அடுத்த பத்து நாள் மற்றவருக்கு. வயலில் முறை வைத்து மடை திறப்பது போலத்தான். தீஸ்தா ஆற்றில் இந்த அளவுக்குக்கூட வரவில்லை, 2011இல் மேற்கு வங்க அரசு ஒத்துக்கொள்ளாததால் கையெழுத்தாகாமல் நின்றது. கூட்டாட்சிக் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எல்லை 4,096 கிலோமீட்டர். அதில் எனக்குப் பிடித்தது சிட்மஹல் கதை, அதாவது ஒரு நாட்டுக்குள் சிக்கிக்கொண்ட அடுத்த நாட்டு நிலத்துண்டுகளின் கதை. தஹாலா காக்ராபாரி என்று ஒரு சணல் வயல். இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேச நிலம், அதைச் சுற்றி இந்திய நிலம், அதையும் சுற்றி வங்கதேசம். 2015 ஜூலை 31 நள்ளிரவில் நம்முடைய 111 துண்டுகள் அவர்களுக்கும் அவர்களுடைய 51 நமக்கும் மாறின. 1974இல் போட்ட ஒப்பந்தம் நிறைவேற நமக்கு 100ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்பட்டது. விடையில் அந்த வயலைச் சின்னதாக வரைந்தேன், நான்கு வட்டம், பத்து விநாடி.

பண்பாட்டில் ரொம்ப நேரம் செலவழிக்கத் தேவையில்லை. ஜம்தானி நெசவு, டாக்கா ரிக்‌ஷா ஓவியம், பாவுல் பாட்டு என்று யுனெஸ்கோ பட்டியல் ஒரு பக்கம் போதும். நம் சித்திரை ஒன்று வரும் ஏப்ரல் 14தான் அங்கே பொய்லா பொய்ஷாக். கல்கத்தாவில் பெரும்பாலும் 15. அன்று டாக்காவில் போகும் மங்கள் சோபாஜாத்ரா ஊர்வலத்தின் பெயரை 2025இல் மாற்றினார்கள். ஆக, பண்பாட்டிலும் கொஞ்சம் பென்சில் வேண்டும்.

2024 ஜூலையைப் படிக்கும்போது 'இட ஒதுக்கீடு' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே அரசு வேலைகளில் 56 சதவீத ஒதுக்கீடு இருந்தது, அதில் 30 விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கு. 2018இல் நீக்கினார்கள், 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் 93 சதவீதத்தைத் தகுதிக்கு ஒதுக்கியபோது தெருவில் ஏற்கெனவே நிறையப் பேர் செத்திருந்தார்கள், கோரிக்கையும் மாறிவிட்டிருந்தது.

மாதிரி இன்டர்வியூவில் ஒருவர் என் ஊரைப் பார்த்துவிட்டு, "ஆர்டரெல்லாம் ஏன் வங்கதேசத்துக்குப் போகிறது?" என்றார். "அங்கே கூலி குறைவு சார்." "அது மட்டுமா?" நான் விழித்தேன். இத்தனைக்கும் என் சித்தப்பா பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். அன்று ராத்திரி போன் செய்து கேட்டேன். "கண்ணு, ஐரோப்பாவுல அவிங்க சரக்குக்கு டூட்டியே இல்ல. நம்ம சரக்குக்கு ஒம்போது, பத்து பர்சென்ட் விழுகுது. பீஸுக்கு ஒரு ரூவா குறைக்கவே நாங்க தலைகீழா நிக்கிறோம்." குறைந்த வளர்ச்சி நாடு என்பதால் கிடைத்த சலுகை அது. அந்தப் பட்டியலிலிருந்து வெளியேற ஐநா குறித்த நாள் 2026 நவம்பர் 24, ஐரோப்பா அதற்குப் பிறகும் மூன்று வருடம் தருகிறது. கங்கை ஒப்பந்தத்தின் முப்பது வருடமும் அதே வருட டிசம்பரில் முடிகிறது.

இரண்டையும் என் நோட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலில். சித்தப்பா சொன்னதை மட்டும் அவர் பேசியபடியே பேனாவில் எழுதிக்கொண்டேன்.