அந்தக் காபி வழக்கைக் கேலி செய்யாதீர்கள்

காபியை மடியில் கொட்டிக்கொண்டு கம்பெனி மேல் வழக்குப் போட்டுக் கோடீஸ்வரியான அமெரிக்கப் பாட்டி கதையை யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, ஏனென்றால் நடந்தது வேறு.

1992 பிப்ரவரி, நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரம். பாட்டிக்கு 79 வயது. மெக்டொனால்ட்ஸில் காபி வாங்கியதும், க்ரீமும் சர்க்கரையும் போட்டுக்கொள்ளட்டும் என்று பேரன் காரை நிறுத்திவிட்டார். கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பாட்டி மூடியை இழுக்கிறார், மொத்தமும் மடியில் கவிழ்கிறது. போட்டிருந்தது பருத்திக் கால்சட்டை. துணி காபியை அப்படியே உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொண்டது, உட்கார்ந்த இடத்தில் சட்டென்று கழற்றி எறியவும் முடியாது. உடம்பில் 6 சதவீதத் தோல் முழு ஆழத்துக்கும் வெந்துபோனது. எட்டு நாள் ஆஸ்பத்திரி, தோல் எடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அவர் முதலில் கேட்டது 20,000 டாலர். கம்பெனி தர முன்வந்தது 800. அதனால்தான் விஷயம் கோர்ட்டுக்கே போனது.

அங்கேதான் தெரிந்தது, காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனியே போட்ட விதி என்று. அந்தச் சூட்டில் தோல் வெந்துபோகச் சில நொடிகள் போதும். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் 700க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தும் சூட்டைக் குறைக்கவில்லை. காபி சுடும் என்று தெரியாதா என்று கேட்கிறார்கள். நாக்கு சுடும் என்று தெரியும், தொடைத் தோலை ஒட்டுப்போட வேண்டி வரும் என்று யாருக்குத் தெரியும்? கோப்பையில் எச்சரிக்கை அச்சடித்தால் ஒரு டிகிரிகூடக் குறையாது. கை தவறுவது மனிதருக்கு இயல்பு, சூடு எவ்வளவு என்று முடிவு செய்வதோ கம்பெனி.

1994இல் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, பாட்டியின் மீதும் 20 சதவீதத் தவறு இருக்கிறது என்றே சொன்னது, இழப்பீட்டை 2,00,000 டாலரிலிருந்து 1,60,000 ஆக்கியது. அதோடு கம்பெனியைத் தண்டிக்கவென்றே தனியாக 27 லட்சம் டாலர் தண்டனைத் தொகை. கம்பெனிக்கு அது ஏறக்குறைய இரண்டு நாள் காபி விற்பனை, அவ்வளவுதான். அதையும் நீதிபதி 4,80,000 ஆகக் குறைத்தார். பிறகு இரு தரப்பும் சமரசமாகிவிட்டார்கள், தொகை வெளியே சொல்லப்படவில்லை. ஊர் வாயில் இன்றுவரை நிற்பது மட்டும் அந்த 27 லட்சம்.